பிளாஸ்ரிக் போட்ட நற்சான்று

கந்தோருக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுத்து ஓடாது. மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் கடிதமும் கடைச் சாமான் துண்டும்தான். ஞாபகமும் முன்னைப்போல இல்லை. ஒன்றைச் சொல்லத் தொடங்கி இன்னொன்றுக்குள் போய்விடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் முதலாளித் தம்பிதான் இதை எழுதச் சொன்னார். "அக்கா, நீங்கள் வேலையை விட்டுப் போனாலும் அந்தப் பிளாஸ்ரிக் கதையை இந்தப் பிள்ளையளுக்கு ஒருக்கால் எழுதிக் குடுங்கோ. நான் சொன்னால் என்னை நல்லவனாக்கித்தான் சொல்லுவன்" என்று சிரித்தார். அவரே அப்படிச் சொன்னபடியால் நானும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் கந்தோர் லண்டனில், ஈஸ்ட் ஹாமில் ஒரு நகைக்கடைக்கு மேலே இருந்தது. நான் அங்கே கூட்டித் துடைக்கத்தான் போனேன். காலையில் பிளேஸ்டோவில் இருந்து பஸ்ஸில் வந்து, மேசை துடைத்து, கோப்பை கழுவி, மற்றவர்கள் வரும் நேரம் கிளம்பிவிடுவேன். மேசை துடைக்கும்போது தாள்கள் கலைந்து கிடந்தால் எனக்குப் பொறுக்காது. ஒரே படம் உள்ளதை ஒன்றாக, ஒரே பெயர் உள்ளதை ஒன்றாக அடுக்கி வைப்பேன். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றாகத் தெரியும். சேர்த்து வாசித்தால் பாதிக்கு அர்த்தம் தெரியாது. ஒரு நாள் தம்பி நேரத்தோடு வந்து பார்த்துவிட்டார்.

"உந்தத் தாளுகளை ஆர் அடுக்கினது?"

நான் பயந்துபோய், "தெரியாமல் கை வைச்சிட்டன் தம்பி" என்றேன்.

"அக்கா, மூண்டு மாசமாய் நான் தேடின தாள் உதுக்குள்ளை இருக்கு. நாளையில இருந்து விளக்குமாறை விட்டிட்டு உந்த மேசையில இருங்கோ."

அப்படித்தான் நான் தாள் பார்க்கிறவள் ஆனேன். ஆனால் தொலைபேசி அடித்தால் மட்டும் எழும்பிக் கோப்பை கழுவுகிற குசினிக்குள் போய்விடுவேன். ஆங்கிலத்தில் யாரோடும் பேச எனக்கு வெட்கம். தமிழிலேயே நான் நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவள்.

வேலை என்னவென்று உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். ஓர் ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒருவர் பிள்ளைப்பேற்று லீவில் போனால், அல்லது திடீரென்று விட்டுவிட்டுப் போனால், அந்த இடத்துக்கு ஆறு கிழமை, எட்டுக் கிழமைக்கு நாங்கள் இன்னொருவரை அனுப்புகிறோம். வருகிறவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும், தாள் சரியில்லாவிட்டால் இந்த நாட்டில் ஒரு காய்ச்சல் குளிசை எழுதவும் அவருக்கு உரிமை கிடையாது. நான் இருந்த காலத்தில், 2009இல், புதிய விதி ஒன்று வந்தது. டொக்டர்களின் பதிவில் பெயர் இருப்பது வேறு, நோயாளியைப் பார்க்க அனுமதி இருப்பது வேறு என்று இரண்டாகப் பிரித்தார்கள். பதிவு இருந்தும் அனுமதி எடுக்காதவர் வீட்டில் இருக்கலாம், வார்டுக்குள் போக முடியாது. பெரிய பெரிய டொக்டர்களே தலையைச் சொறிந்தார்கள்.

வெளிநாட்டில் இருந்து வருகிறவருக்கு இன்னொரு தாளும் வேண்டும். கடைசியாக வேலை செய்த நாட்டின் டொக்டர்கள் பதிவுச் சபை, "இவர் மேல் எங்களிடம் ஒரு முறைப்பாடும் இல்லை" என்று எழுதித் தரும் நற்சான்று. மூன்று மாதம் கடந்தால் அது செல்லாது.

எங்கள் கந்தோரில் ஒவ்வொரு போட்டோக்கொப்பியிலும் ஒரு சிவப்பு முத்திரை குத்தி, கீழே கையெழுத்து வைக்க வேண்டும். மூலத்தாளை என் கண்ணால் பார்த்தேன் என்பது அந்த முத்திரையின் அர்த்தம். அந்த முத்திரையைத் தம்பி என் கையில் தந்த நாள், வீட்டுக்குப் போய் அவருக்குச் சொல்லிச் சொல்லி, "உன்ரை முத்திரையைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சோறு ஆறிப்போச்சு" என்று ஏச்சு வாங்கினேன். அவர் என்றால் என் வீட்டுக்காரர்.

இனிக் கதைக்கு வருகிறேன்.

அந்த ஆண்டு கார்த்திகை மாதம், ஒரு புதன்கிழமை, டொக்டர் மெற்றில்டா என்று ஒருவர் வந்தார். மன்னாரில் பிறந்து, பத்து வயதில் நோர்வேக்குப் போய், அங்கேயே படித்துக் குழந்தை டொக்டர் ஆனவர். கணவருக்கு லூயிஷாமில் ஒரு கடை கிடைத்ததால் குடும்பமாக லண்டனுக்கு வந்துவிட்டார்கள். தமிழ் நன்றாகப் பேசுவார், இடையில் ஒரு நோர்வேச் சொல் வந்து தடக்கும். நானும் மன்னார் என்று தெரிந்ததும் கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"அன்ரி, எட்டு மாசமாய் ஒரு பிள்ளையின்ர நெஞ்சிலையும் காதுக்குழாய் வைக்கேல்லை. என்ர காது மறந்துபோடும்போல கிடக்கு."

"அப்பிடி மறக்குமே பிள்ளை?"

"மறக்கும் அன்ரி. மூச்சுச் சத்தத்தில எது சளி, எது ஆபத்து எண்டு கேட்டுக் கேட்டுத்தான் வாறது. வீட்டில என்ர மனிசன்ர குறட்டை மட்டும்தான் கேக்குது."

அவருக்குத் தேம்ஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், குழந்தை வார்டில் ஆறு கிழமை வேலை. அடுத்த திங்கட்கிழமை தொடங்க வேண்டும். லண்டனில் அவருக்கு அதுதான் முதல் வேலை. வெள்ளிக்கிழமை காலையில் மூலத்தாள்களைப் பதிவுச் சபையில் நேரில் காட்டினால் பதிவும் அனுமதியும் சேர்ந்தே கிடைத்துவிடும். எல்லாத் தாளும் இருந்தது. நற்சான்றுக்கும் இன்னும் இரண்டு கிழமை மிச்சம் இருந்தது. கொப்பி எடுத்து வைக்கும்படி தாள்கள் இருந்த கோப்பை என்னிடம் தந்துவிட்டு அவர் சாமான் வாங்கக் கீழே போனார்.

வெளியே மழை. கோப்பின் மட்டை நனைந்து ஊறியிருந்தது. கொப்பி எடுத்து முத்திரை குத்தினேன். பிறகு நற்சான்றைத் திரும்ப உள்ளே வைக்கப் போனால், அதன் ஓரத்தில் ஒரு துளி ஈரம் பட்டிருந்தது. அதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

ஏன் என்று சொல்ல வேண்டும். நாங்கள் சண்டைக்குப் பயந்து மன்னாரில் இருந்து வள்ளத்தில் ஏறிக் கரையை விட்டு வந்தபோது, மகளின் பிறப்புச் சான்றிதழை மடித்து என் சட்டைக்குள் வைத்திருந்தேன். கரை இறங்கி எடுத்துப் பார்த்தால் கடல் தண்ணீரில் ஊறி மாவுபோலக் கையில் ஒட்டிக்கொண்டது. அந்தத் தாள் இல்லாமல் நான் எத்தனை கந்தோர் வாசலில் நின்றேன் என்று எழுதினால் அதுவே ஒரு புத்தகமாகிவிடும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பிளாஸ்ரிக் போடாத தாள் கலண்டர் மட்டும்தான். உங்கள் வீடுகளிலும் அம்மாமார் போட்டு வைத்திருப்பார்கள், போய்ப் பாருங்கள்.

கந்தோரில் டொக்டர்மாரின் பெயர் அட்டைக்குச் சூடாக்கிப் பிளாஸ்ரிக் போடும் மெஷின் ஒன்று இருந்தது. பெரிய உறையும் இருந்தது. பச்சை விளக்கு எரியும்வரை காத்திருந்து, அந்த நற்சான்றை உள்ளே விட்டேன். மறுபக்கத்தால் சூடாக, பளபளவென்று வந்தது. தாளின் அடியில், மையில்லாமல் வெறுமனே அழுத்திப் புடைக்க வைத்த வட்ட முத்திரை ஒன்று இருந்தது. அந்த மேடு பள்ளமெல்லாம் சூட்டில் படிந்து, தேய்த்த சேலைபோல நேராகிவிட்டது. நல்லதாய்ப் போச்சு என்று சந்தோசப்பட்டேன். உண்மையாகவே சந்தோசப்பட்டேன். எல்லாவற்றையும் உறையில் போட்டு ஒட்டி டொக்டரிடம் கொடுத்தேன். "அன்ரி, நீங்கள் தங்கம்" என்று சொல்லிவிட்டு, திறந்து பாராமல் கொண்டுபோனார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. வழக்கம்போல நான் குசினிக்குள் போனேன். "அக்கா, இஞ்ச வாங்கோ" என்று தம்பி கூப்பிட்ட விதத்திலேயே ஏதோ பிழை என்று தெரிந்தது. தொலைபேசியை என் காதில் வைத்தார்.

"அன்ரி, நற்சான்றுக்கு ஆர் பிளாஸ்ரிக் போட்டது?" டொக்டர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "இஞ்ச கவுண்டரில இருக்கிறவர் பெருவிரலால தடவிப் பாத்திட்டு, முத்திரை தட்டுப்படேல்லை, இது மூலமோ கொப்பியோ எண்டு எனக்குச் சொல்ல ஏலாது எண்டு திருப்பித் தந்திட்டார்."

ஒரு விநாடி, எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வந்தது. அந்த மெஷினைக் கந்தோரில் நாலு பேர் பாவிக்கிறார்கள். யாருக்குத் தெரியும்?

"நான்தான் பிள்ளை" என்றேன். "நனைஞ்சிடும் எண்டு போட்டனான்."

"நான் அங்கை வாறன்" என்று மட்டும் டொக்டர் சொன்னார்.

அவர் வந்து சேர ஒரு மணியாகிவிட்டது. தம்பி அந்தத் தாளை வாங்கி, பிளேடால் ஓரத்தை மெல்லப் பிரித்துப் பார்த்தார். பிளாஸ்ரிக்கோடு எழுத்தும் உரிந்து வந்தது. உடனே கையை எடுத்துவிட்டார். டொக்டர் மற்ற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நோர்வேச் சபையோடு பேசத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் தலையை நீட்டி, "புதுக் கடிதம் தருவினம். ஆனால் திங்கட்கிழமைதான் எழுதுவினம், இஞ்ச வந்து சேர வியாழன் ஆகுமாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் உள்ளே போனார்.

எங்களுக்கோ மூன்று மணிக்குள் ஆஸ்பத்திரிக்குப் பட்டியல் அனுப்ப வேண்டும். ஒரே ஒரு தாள். அதில் வரிசையாகப் பாஸ்போர்ட், பட்டம், தடுப்பூசி, பொலிஸ் சான்று, கடைசியில் பதிவும் அனுமதியும். ஒவ்வொன்றுக்கும் எதிரே என் சிவப்பு முத்திரை. கடைசிக் கட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

தம்பி கதிரையை என் பக்கம் திருப்பினார். "அக்கா, அதிலையும் குத்துங்கோ. நம்பர் பிறகு வரும் எண்டு நான் பக்கத்தில எழுதிவிடுறன்."

"நான் காணேல்லையே தம்பி."

"வியாழக்கிழமை காணுவியள்தானே? அவ டொக்டர்தானே? களவாய் ஆரையும் அனுப்புறமே? நாலு நாள் முன்னுக்குப் பின்னுக்கு."

"அந்த நாலு நாளும் அவ பிள்ளையளைத் தொடுவா."

"தொட்டால் என்ன, பிள்ளையள் சுகமாகுங்கள்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அக்கா, இதை நான் சொல்லக்கூடாது. ஆனால் நீங்கள் செய்த வேலையாலதானே இது வந்தது. நீங்கள்தான் சரிக்கட்ட வேணும்."

பிள்ளைகளே, அந்த இடம்தான் கஷ்டமான இடம். பிழை விடாத ஆளுக்கு "ஏலாது" என்று சொல்வது சுகம். பிழை விட்டவளுக்கு வாய் வராது. எப்படியாவது அந்தப் பிழையைத் துடைத்துவிட வேண்டும் என்று கை பறக்கும். முத்திரையின் மூடியைத் திறந்துவிட்டேன். மைப் பெட்டியில் அழுத்தியும்விட்டேன்.

முன்னாலே மேசையில் அந்த நற்சான்று கிடந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று டொக்டர் எனக்கு முன்பே வாசித்துச் சொல்லியிருந்தார். இவர் மேல் ஒரு முறைப்பாடும் இல்லை. பிளாஸ்ரிக்குக்குள் அந்த வரி மட்டும் கலங்காமல் இருந்தது. நான் யோசித்தேன்: நான் இப்போது குத்தினால், அவர் அனுமதியில்லாமல் வார்டுக்குள் போவார். என்றைக்காவது ஒரு நாள் யாராவது திகதியை ஒத்துப் பார்த்தால், இந்த வரியை உலகத்தில் எந்த நாடும் அவருக்குத் திரும்ப எழுதிக் கொடுக்காது. தாளைப் பழுதாக்கினேன், அதற்கு வேறு தாள் வரும். பெயரைப் பழுதாக்கினால் எங்கே போய் வேறு பெயர் வாங்குவது?

முத்திரையைத் திரும்ப மூடினேன்.

"ஏலாது தம்பி. ஆஸ்பத்திரிக்கு உண்மையைச் சொல்லுவம்."

"நான் சொல்லமாட்டன். சொன்னால் வேலையை வேறை ஏஜன்சிக்குக் குடுத்திடுவினம். பிறகு எங்களைக் கூப்பிடவும் மாட்டினம். உங்களுக்கு வேணுமெண்டால் நீங்கள் சொல்லுங்கோ."

நான் சொல்லமாட்டேன் என்ற நம்பிக்கையில்தான் அவர் அப்படிச் சொன்னார். தொலைபேசி அடித்தால் ஓடுகிறவள் என்று அவருக்குத் தெரியும்.

பட்டியலின் மேலே நம்பர் இருந்தது. ஒவ்வோர் இலக்கமாக அழுத்தினேன். ஒரு தரம் இலக்கம் பிழைத்து யாரோ ஒரு கடைக்காரர் எடுத்தார். இரண்டாம் தரம் ஒரு பெண் எடுத்தார். ஆஸ்பத்திரியில் டொக்டர்மாரை ஒழுங்குபடுத்துகிறவர் அவர். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், வினைச்சொல் ஒன்றும் பொருந்தாமல் சொன்னேன். டொக்டர் நல்லவர். தாள் நல்லது. நான் பிளாஸ்ரிக் போட்டேன். சபை வேண்டாம் என்றது. திங்கட்கிழமை டொக்டர் இல்லை. பிழை என்னுடையது, டொக்டருடையது அல்ல.

"பிளாஸ்ரிக்கா?" என்றார்.

"ஓம். சூடான பிளாஸ்ரிக்." அந்த "ஓம்" தமிழில்தான் வந்தது.

அவர் சிரித்தாரா இருமினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எப்போது தாள் வரும் என்று கேட்டார். வியாழன் என்றேன். தாள் புரட்டும் சத்தம் கேட்டது. அவர் ஆறுதலாக, எனக்கு விளங்கும்படி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: முதல் கிழமைக்கு வார்டில் இருக்கிறவர்களைக் கேட்டுப் பார்ப்பேன். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அனுமதி வந்துவிட்டால் மிச்ச ஐந்து கிழமையும் உங்கள் டொக்டருக்குத்தான். வராவிட்டால் நான் வேறு ஆள் பார்க்க வேண்டும். கடைசியாக, "திங்கட்கிழமைக்கு முன்னம் சொன்னதற்கு நன்றி" என்றார்.

நான் தொலைபேசியை வைத்தேன். தம்பி கதிரையை விட்டு எழும்பி வந்தார்.

"அக்கா, நீங்கள் இங்கிலீசு கதைப்பியளே?"

"எனக்கும் இப்பதான் தெரியும்" என்றேன்.

அப்போதுதான் டொக்டர் மற்ற அறையால் வெளியே வந்தார். நடந்ததைச் சொன்னேன். ஒரு கிழமை வேலை போய்விட்டது, மன்னித்துக்கொள் பிள்ளை என்றேன். அவர் அந்தப் பிளாஸ்ரிக் தாளைத் தூக்கி, வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். திடீரென்று சிரிக்கத் தொடங்கினார். கண்ணால் தண்ணீர் வர வரச் சிரித்தார்.

"அன்ரி, எங்கட அம்மா என்ர ஞானஸ்நானச் சான்றிதழுக்கும் பிளாஸ்ரிக் போட்டு வைச்சிருக்கிறா. கலியாணத்துக்குக் கொண்டுபோய்க் குடுக்க, பாதர், 'இதென்ன பிள்ளை, ஹோட்டல் மெனுவோ?' எண்டு கேட்டவர்."

தம்பியும் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது, ஆனாலும் சிரித்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் புதுக் கடிதம் கூரியரில் எங்கள் கந்தோருக்கே வந்தது. டொக்டர் வரும்வரை நான் உறையைத் திறக்கவில்லை. கோப்பையும் தேத்தண்ணியும் இருந்த மேசையில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து திறந்து, "தடவிப் பாருங்கோ அன்ரி" என்றார். பெருவிரலால் தடவினேன். மேடும் பள்ளமுமாக, உயிரோடு இருப்பதுபோலத் தட்டுப்பட்டது. அதற்குப் பிறகுதான் கொப்பியில் குத்தினேன். அடுத்த நாள் காலையில் சபையில் ஏற்றுக்கொண்டார்கள். நம்பர் வந்தது, அனுமதியும் வந்தது. பட்டியலின் கடைசிக் கட்டம் சிவந்தது. திங்கட்கிழமை மாலை டொக்டரிடமிருந்து ஒரு சின்னச் செய்தி வந்தது: "அன்ரி, காது மறக்கேல்லை."

அந்த ஆஸ்பத்திரிப் பெண்ணின் பெயரை நான் கேட்கவே இல்லை. முகத்தையும் கண்டதில்லை. ஆனால் இந்த வேலையில் எனக்குப் படிப்பித்தவர் யார் என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன். கெட்ட செய்திக்கும் ஒரு நேரம் இருக்கிறது, அது நேரத்தோடு போனால் பாதி கெடுதி குறைந்துவிடும் என்று அவருடைய அந்த ஒரு நன்றியில்தான் எனக்கு விளங்கியது.

அதற்குப் பிறகு அவர் எங்களை விட்டுப் போகவில்லை, முன்னையைவிடக் கூடுதலாகத்தான் கூப்பிட்டார். நாங்கள் யாரையாவது அனுப்பும்போதெல்லாம் தம்பியிடம் ஒரு கேள்வி கேட்பாராம்: "பிளாஸ்ரிக் லேடி பார்த்துவிட்டாவா?" ஆம் என்றால் மேற்கொண்டு ஒன்றும் கேட்கமாட்டாராம். தம்பி அதை எல்லாரிடமும் சொல்லிப் பகிடி பண்ணுவார். எனக்கு வெட்கமாக இருக்கும். குசினிக்குள் போய் நின்று தனியாகச் சிரிப்பேன். ஐந்தாம் வகுப்புப் படித்தவளுக்கு இதைவிட என்ன பட்டம் வேண்டும்?

அந்த மெஷினை அன்றே எடுத்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கும். பெயர் அட்டைக்கு மட்டும் இறக்குங்கள். மற்றவர்களின் தாள் எப்படி வந்ததோ அப்படியே திரும்பிப் போக வேண்டும். நனைந்திருந்தால் துடையுங்கள், அவ்வளவுதான்.

இப்போது பாதி வேலை கம்பியூட்டரில் நடக்கிறது என்று சொல்கிறார்கள். விதிகளும் எத்தனையோ தரம் மாறியிருக்கும். நற்சான்றுக்கு மூன்று மாதம் என்று எழுதியிருக்கிறேன், அது இன்றைக்கும் அப்படியா தெரியாது. கடிதம் வந்தது வியாழனா புதனா என்று அரைகுறை நினைவில்தான் எழுதியிருக்கிறேன். உங்களில் யாராவது டொக்டர் மெற்றில்டாவின் பழைய கோப்பை எடுத்து, நான் எழுதிய நாள், விதி எல்லாவற்றையும் ஒத்துப் பார்த்துத் திருத்திவிடுங்கள். பிளாஸ்ரிக் போட்ட தாளும் அதற்குள் இருக்கிறது. அவர்தான் வைத்துக்கொள்ளும்படி தந்தார்.

பார்த்து முடிந்தால் இந்தக் கடிதத்தின் கீழே சிவப்பு முத்திரையைக் குத்துங்கள். பார்க்க நேரமில்லாவிட்டால் குத்தாமல் வெறுமனே விட்டுவிடுங்கள். நான் குறை நினைக்கமாட்டேன்.